விற்கப்பட்ட ஈடு

நீடாமங்கலம் ரயில் நிலையத்தில் நெல் மூட்டைகள் வேகன்களில் ஏறுவதைக் காண்போர்க்குத் தஞ்சைத் தரணியின் செல்வம் கண்ணெதிரே கைமாறுவதாகத் தோன்றும். ஆயினும் அந்த நெல்லோ, அதை விளைவித்த வயலில் உழுத டிராக்டரோ வங்கிக் கடனுக்கு ஈடாகியிருப்பின், அதை விற்கும் சுதந்திரம் உரிமையாளருக்கே முழுமையாக இராது.

நகையை அடகு வைத்தால் பொருள் வங்கியின் பெட்டகத்துக்குப் போய்விடுகிறது. 1872ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 172ஆம் பிரிவு கூறும் அடகு அதுவே. ஹைப்பாதிகேஷன் எனப்படும் ஏற்பாட்டிலோ, பொருள் கடனாளியின் கையிலேயே இருக்க, அதன்மீதான உரிமை மாத்திரம் வங்கிக்குச் சேர்வதால், விவகாரங்கள் பெரும்பாலும் அங்கேதான் முளைக்கின்றன. நெல் வியாபாரி சரக்கை விற்கலாம், விற்ற பணம் கடன் கணக்கில் சேரவேண்டும் என்பதே வழக்கமான நிபந்தனை. பணம் வேறு வழி சென்றால்தான் வம்பு. டிராக்டரின் சமாசாரம் வேறு. பதிவுப் புத்தகத்தில் கடன் குறிப்பு இருக்கும்வரை, கடன் கொடுத்தவரின் எழுத்துபூர்வமான சம்மதமின்றிப் பெயர் மாற்ற இயலாது என்று 1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 51ஆம் பிரிவு விதிக்கிறது. ஆகவே, அறியாமல் வாங்கினேன் என்ற வாதம் எளிதில் எடுபடாது.

ஈடான பொருளை இப்படி விற்பது குற்றமா, வெறும் சிவில் வழக்கா? டங்கன்ஸ் அக்ரோ என்ற நிறுவனத்தின் மீதான வழக்கில், வங்கிகளுடன் சமரசம் ஏற்பட்டுவிட்ட நிலையில், குற்ற நடவடிக்கை ரத்தானதை 1996இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. அதைக் கொண்டு எல்லா விற்பனைக்கும் மன்னிப்புண்டு என்று எண்ணுவது பேதைமை.

பழைய டிராக்டர் வாங்குவோர், முன்பணம் கொடுக்குமுன் பதிவுப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, கடன் தீர்ந்ததைக் காட்டும் 35ஆம் எண் படிவத்தைக் கேட்டு வாங்குக.