சந்திரகிரி ராஜமகால்: வளைவு யாருடையது?

பாலசமுத்திரம் பக்கத்திலிருந்து திருப்பதிக்குப் போகிற நம்மவர்கள் பலர், தரிசனம் முடிந்ததும் லட்டோடு திரும்பிவிடுகிறார்கள். ஊரிலிருந்து பதினைந்து கிலோமீட்டருக்குள் சந்திரகிரிக் கோட்டை இருக்கிறது. சென்ற முறை பிள்ளைகளை அழைத்துப்போனேன். ராஜமகாலைப் பார்த்தவுடன் ஒருவன், "இது சாயபு ராஜா கட்டினதா?" என்றான்.

கேள்வி நியாயமானதுதான். மூன்று அடுக்கிலும் கூர்வளைவுகள் வரிசையாக நிற்கின்றன. ஆனால் இது விஜயநகர அரசர்களின் அரண்மனை. நிமிர்ந்து பார்த்தால் உச்சியில் கோயில் விமானம் போன்ற சிகரங்கள். 1565 தலைக்கோட்டைப் போருக்குப் பின் தலைநகரம் பெனுகொண்டாவுக்கும், பிறகு இங்கும் நகர்ந்தது. சுல்தான்களோடு சண்டை போட்டவர்கள், அவர்கள் கட்டடக்கலையை மட்டும் ஒதுக்கவில்லை! ஹம்பியின் தாமரை மகாலிலும் இதே கலப்புதான். நல்லதை எங்கிருந்தாலும் எடுத்துக்கொண்டார்கள்.

ஸ்பெயினில் கிரனடா நகரத்து அல்ஹம்ப்ராவைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். மூர்களின் அரண்மனை அது. 1492 வரை அவர்கள் வசம் இருந்தது. அங்கே பல வளைவுகள் சுதைவேலை அலங்காரம்; பாரத்தைத் தாங்குவது பின்னால் மறைந்திருக்கும் மர உத்தரம். சந்திரகிரியில் மரமே கிடையாது. கல், செங்கல், சுண்ணாம்புச் சாந்து, அவ்வளவுதான். மேல்மாடியின் எடை வளைவு வழியாகத் தூணுக்கும், தூண் வழியாகத் தரைக்கும் இறங்குகிறது. உத்தரம் இல்லாததால் கரையானுக்கும் வேலை இல்லை. தோட்டத்தில் மட்டும் அல்ஹம்ப்ராதான் ஒரு படி மேலே: ஆற்று நீரை வாய்க்கால் வெட்டிக் கொண்டுவந்து முற்றத்துக்கு முற்றம் ஓடவிட்டார்கள். இங்கே முன்னால் இருப்பது தொல்லியல் துறை பராமரிக்கும் புல்வெளி. பின்னால் பாறைமலை எழுந்து நிற்கிற அழகு அந்தக் குறையைத் தீர்த்துவிடுகிறது என்பது என் கட்சி.

"தெலுங்கு ராஜா கோட்டைதானே, நமக்கென்ன?" என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. 1639-இல் மதராசப்பட்டினத்தில் கோட்டை கட்டிக்கொள்ள ஆங்கிலேயரான பிரான்சிஸ் டேவுக்கு அனுமதி கொடுத்தவர் தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கர். அவர் யாருக்குக் கட்டுப்பட்டவர்? விஜயநகர அரசர் மூன்றாம் வேங்கடருக்கு. சென்னைப் பட்டணத்தின் கதை இந்த ராஜ்ஜியத்தில்தான் தொடங்குகிறது. சந்திரகிரி தாலுக்காவும் 1911-இல் சித்தூர் மாவட்டம் உருவாகும்வரை வட ஆற்காட்டில்தான் இருந்தது. இப்போது, 2022 முதல், திருப்பதி மாவட்டம்.

ராஜமகாலுக்குள்ளேயே அருங்காட்சியகம், கற்சிலைகளும் செப்புத் திருமேனிகளும் உண்டு. வெள்ளிக்கிழமை விடுமுறை. மற்ற நாளில் காலையிலேயே போய்விடுங்கள், வெயில் ஏறினால் பாறைச் சூடு தாங்காது.