தன்னார்வத் திறமூல மென்பொருள்களின் வெளியீட்டுத் திட்டமும் தமிழாக்கமும்

ஆய்வுச் சுருக்கம்

ஊதியமின்றி உழைப்போரால் உருவாகும் திறமூல மென்பொருள்களின் புதிய பதிப்புகள் எந்நாளில் வெளிவர வேண்டும் என்பதை முன்கூட்டியே வரையறுக்கும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது. அம்முறை தமிழ் இடைமுகத்தின் தரத்தை எவ்வாறு பாதிக்கிறது என்பதையும் ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: திறமூல மென்பொருள், வெளியீட்டுத் திட்டம், சர உறைவு, தமிழாக்கம்.

முன்னுரை

காரைக்குடிக் கம்பன் கழகம் 1939இல் சா. கணேசனால் நிறுவப்பெற்றது. பங்குனித் திங்களில் நிகழும் அதன் விழாவுக்கு விண்மீனே நாள் குறிக்கிறது. அத்தத் திருநாள் நாட்டரசன்கோட்டையில் அமைகிறது. சொற்பொழிவாளர் ஒருவர் ஆயத்தமாகவில்லை என்பதற்காகப் பங்குனி அத்தம் தள்ளிப்போவதில்லை. அவர் மறு ஆண்டு பேசலாம். நாளை முதலில் நிறுத்திப் பணியை அதற்குள் அடக்கும் இவ்வழக்கம் செட்டிநாட்டார்க்குப் புதிதன்று. திறமூல மென்பொருள் உலகமோ நெடிய தடுமாற்றத்திற்குப் பின்னரே இதனை ஏற்றது.

நாளா, கூறுகளா?

நிறுவனத்தில் ஒரு கூறு முடியவில்லையெனில் மேலாளர் ஆட்களை மாற்றியமர்த்துவார். தன்னார்வப் பணியில் அவ்வதிகாரம் எவருக்கும் இல்லை. ஒருவர் திருமணம், தேர்வு, பணிமாற்றம் காரணமாக இரு திங்கள் விலகினால் அவரைக் கேட்கவும் இயலாது. ஆகவே, 'இன்னின்ன கூறுகள் முடிந்தபின் வெளியிடுவோம்' என்ற திட்டம், மிகத் தாமதமாக வரும் ஒருவரின் ஓய்வு நேரத்தை நம்பி நிற்கிறது. காத்திருக்கும் காலத்தில் பிறர் புதிய கூறுகளைச் சேர்ப்பர். அவையும் முடிவுற வேண்டும் என்ற நிலை ஏற்பட்டு எல்லை மேலும் விலகும்.

டெபியன் இயக்குதளம் இதற்குச் சான்று. அதன் 'உட்டி' பதிப்பு 2002 ஜூலையில் வந்தது. அடுத்த 'சார்ஜ்' 2005 ஜூனில்தான் வந்தது. அதன்பின் ஏறத்தாழ ஈராண்டுக்கு ஒரு பதிப்பு என்ற ஒழுங்கு அமைந்தது. இங்கு நுட்பமான ஓர் இணக்கம் உண்டு: புதியன சேர்ப்பதை நிறுத்தும் உறைவு நாள் முன்னரே அறிவிக்கப்படுகிறது, வெளியீடோ குறைகள் களையப்பட்ட பின்னரே நிகழ்கிறது. க்னோம் திட்டம் 2002இல் 2.0 பதிப்பை வெளியிட்டபின் ஆறு திங்களுக்கு ஒருமுறை, மார்ச்சிலும் செப்டம்பரிலும் வெளியிடும் முறைக்கு மாறியது. 2004இல் தோன்றிய உபுண்டு தன் பதிப்பெண்ணிலேயே ஆண்டையும் திங்களையும் பொறித்துக்கொண்டது.

மார்ட்டின் மிக்கல்மயர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 2007இல் அளித்த முனைவர் பட்ட ஆய்வேடு க்னோம், டெபியன், லினக்ஸ் கருனி உள்ளிட்ட ஏழு திட்டங்களை ஆராய்ந்தது. நாள்வழி வெளியீடு பங்கேற்பாளரிடையே தேவைப்படும் ஒருங்கிணைப்பைக் குறைக்கிறது என்பது அதன் மையக் கருத்து. ஒவ்வொருவரும் நாட்காட்டியைப் பார்த்துத் தாமே முடிவெடுக்க இயலும். இடைவெளிக்குள் போதிய பணி நடைபெறுதலும், கூறுகள் ஒன்றையொன்று சாராது பிரிந்து நிற்றலும் இதற்கு இன்றியமையாதவை. ஒன்றில் கை வைத்தால் மற்றொன்று குலையும் மென்பொருளுக்கு நாட்காட்டி மட்டும் உதவாது.

சர உறைவும் தமிழும்

வெளியீட்டுக்குச் சில கிழமைகளுக்கு முன் இடைமுகத்தில் தோன்றும் சொற்றொடர்களை மாற்றுவது நிறுத்தப்படும். இதுவே சர உறைவு. உறைவுக்கும் வெளியீட்டுக்கும் இடைப்பட்ட காலம் மொழிபெயர்ப்பாளருக்கு உரியது. க்னோம் திட்டத்தில் எண்பது விழுக்காட்டுச் சரங்கள் பெயர்க்கப்பட்ட மொழியே முழு ஆதரவு பெற்ற மொழியாகக் கொள்ளப்பட்டது. உறைவு மீறப்படின் ஆட்பலம் மிக்க ஜெர்மன், பிரெஞ்சுக் குழுக்கள் ஓரிரவில் ஈடுசெய்துவிடும். சிலரே உழைக்கும் தமிழ்க் குழுவுக்கு அது எளிதன்று.

தமிழுக்கு இன்னோர் இடர்ப்பாடும் உண்டு. 'நீக்கு' என்ற வினையையும் அதன்பின் கோப்பு, படம் போன்ற பெயரையும் தனித்தனிச் சரங்களாக வைத்து நிரல் இணைக்கும் வழக்கம் ஆங்கிலத்துக்குப் பொருந்தும். தமிழில் பெயர் முன்வர வேண்டும். அது இரண்டாம் வேற்றுமை ஏற்க வேண்டும். 'கோப்பு' 'கோப்பை' ஆகும். 'படம்' 'படத்தை' ஆகும். நிரல் எந்திரத்தனமாக 'ஐ' சேர்த்தால் 'படம்ஐ' என்றே திரையில் தோன்றும். முழுத் தொடரை ஒரே சரமாக மாற்றுமாறு நிரலாளரைக் கேட்பதே தீர்வு. ஆனால் இக்குறை மொழிபெயர்க்கும்போதுதான் கண்ணில் படுகிறது; அப்போது உறைவு தொடங்கியிருக்கும். விதிவிலக்குக் கிட்டாவிடின் திருத்தம் அடுத்த பதிப்புக்குச் செல்லும். ஆகவே உறைவுக்கு முன்னரே சரங்களை ஒருமுறை வாசித்துக் குறை சுட்டுவது, பிந்தைய விரைவு மொழிபெயர்ப்பினும் பயன் மிக்கது. இலக்கணம் கற்றோர் நிரல் அறியாமலே செய்யக்கூடிய பணி இது.

இடைவெளி குறுகியிருப்பது நிரலாளருக்கு நன்மை: அரைகுறைக் கூறை அவசரமாகத் திணிக்கத் தேவையில்லை, அடுத்த வாய்ப்பு விரைவில் வரும். பயர்பாக்ஸ் 2011 முதல் ஆறு கிழமைக்கு ஒன்றாகவும், 2020 முதல் நான்கு கிழமைக்கு ஒன்றாகவும் வெளிவருகிறது. மொழிபெயர்ப்பாளருக்கோ இது ஓயாத வேலை. கலைச்சொற்களை ஒத்திசைத்துப் பார்க்கும் அமைதி வாய்ப்பதில்லை.

நாள்வழி முறை நெகிழாததன்று. உபுண்டு 2006 ஏப்ரலில் வரவேண்டிய பதிப்பை ஆறு கிழமை தள்ளி ஜூனில் வெளியிட்டது. சரிபார்ப்புக்கும் மொழியாக்கத்துக்கும் மெருகேற்றத்துக்கும் அக்காலம் கோரப்பட்டது. உரிய காலத்தில் அறிவிக்கப்பட்டதால் 6.04 என்றிருக்க வேண்டிய எண் 6.06 ஆயிற்று, குழப்பம் எதுவும் இல்லை.

கல்லூரி ஆண்டும் வெளியீட்டு ஆண்டும்

தமிழகக் கல்லூரிகளில் பருவத் தேர்வுகள் பெரும்பாலும் நவம்பரையும் ஏப்ரலையும் ஒட்டி அமைகின்றன. மாணவரை நம்பும் தமிழாக்கக் குழுவுக்கு ஏப்ரல், அக்டோபர் வெளியீடுகளின் இறுதிக் கிழமைகள் இடர் தருவன. அதே வேளையில் மார்ச், செப்டம்பர் வெளியீடுகளுக்கான உறைவு பிப்ரவரி, ஆகஸ்ட் வாக்கில், பருவத்தின் நடுவில் வருகிறது. அழகப்பா பல்கலைக்கழகம் போன்றவற்றின் தமிழ்த்துறையும் கணினித்துறையும் கூட்டாகச் சரவாசிப்புப் பயிலரங்கு நடத்த விரும்பின், ஜனவரியிலும் ஜூலையிலும் நடத்துவதே தக்கது. சுட்டப்படும் குறைகளை நிரலாளர் உறைவுக்கு முன் திருத்த அப்போது நாள் மிஞ்சும்.