உங்களுக்குத் தெரியுமா? கடல் காவலுக்குப் படகு வாங்கிய கதை

● கடலைக் காக்கும் படைக்குப் படகு, விமானம், தகவல் தொடர்புக் கருவி எல்லாவற்றையும் ஒரே ஒப்பந்தத்தில் வாங்க முடியுமா? அமெரிக்கக் கடலோரக் காவல் படை 2002-ல் முயன்று பார்த்தது. ‘டீப்வாட்டர்’ என்ற அந்தத் திட்டத்தின் தொடக்க மதிப்பு சுமார் 1,700 கோடி டாலர். லாக்ஹீட் மார்ட்டினும் நார்த்ராப் கிரம்மனும் சேர்ந்து அமைத்த கூட்டு நிறுவனத்திடம் பொறுப்பு போனது.

● எதை வாங்குவது, யாரைக் கொண்டு செய்விப்பது என்பதில் பெரும்பகுதியை அந்த நிறுவனமே முடிவு செய்தது. விதிகளின்படி வேலை நடந்திருக்கிறது என்று தனக்குத் தானே சான்று கொடுத்துக்கொள்ளவும் அதற்கு இடம் இருந்தது. விற்பவர் கையிலேயே தராசும் இருந்தது!

● பழைய 110 அடி ரோந்துப் படகுகளை 13 அடி நீட்டினார்கள். சிறு படகை ஏற்றி இறக்கப் பின்புறம் ஒரு சரிவுத் தளம் வேண்டும் என்பது காரணம். ஆனால் படகு நீண்டால் அலை அதை வளைக்கும் விசையும் கூடும். அலை நடுவில் தூக்கும்போது இரு முனைகளும் தொங்கும்; முனைகளைத் தூக்கும்போது நடுப்பகுதி தொய்யும். 2004 செப்டம்பரில், ஐவன் புயலுக்கு விலகிப் போன ‘மட்டகோர்டா’ படகின் உடற்பகுதி நெளிந்துபோனது.

● மொத்தம் 49 படகுகளை நீட்டுவதாகத் திட்டம். எட்டோடு வேலை நின்றது. 2006 நவம்பர் 30-ல் அந்த எட்டையும் பணியிலிருந்து விலக்கினார்கள். ஏறக்குறைய 10 கோடி டாலர் வீண்!

● அதே ஆண்டு ஆகஸ்டில், லாக்ஹீட் மார்ட்டினில் வேலை பார்த்த பொறியாளர் ஒருவர் யூடியூபில் பேசினார். அந்த நீட்டிய படகுகளில் கண்காணிப்பு கேமராவுக்குச் சிக்காத மூலைகள், குளிரைத் தாங்காத கருவிகள் என்று குறைகளை எடுத்து வைத்தார். மேலதிகாரிகளிடம் சொல்லிப் பலன் இல்லாததால்தான் ஊரறியச் சொன்னார்.

● 2007 ஏப்ரலில் படைத் தலைவர் அட்மிரல் தாட் ஆலன், ‘இனி மேற்பார்வை எங்கள் கையில்’ என்று அறிவித்தார். ஜூலையில் கொள்முதலுக்கென்றே தனி இயக்ககம் உருவானது. தரம் பார்க்க, விற்பவருக்குக் கட்டுப்படாத அமெரிக்கன் பீரோ ஆஃப் ஷிப்பிங் போன்ற அமைப்பை அதிகம் நாடினார்கள். தனியாரிடம் மொத்தப் பொறுப்பையும் விடும் முறைக்கு 2010-ல் சட்டமே கடிவாளம் போட்டது.

● அடுத்து வந்த 154 அடி ரோந்துப் படகுக்கு, நெதர்லாந்தின் டாமன் நிறுவனம் ஏற்கெனவே ஓட்டிக் காட்டிய வடிவமைப்பை அடிப்படையாக எடுத்தார்கள். வடிவமைப்பு விவரங்களையும் உரிமத்தையும் அரசே வாங்கிக்கொண்டது. அதனால் இரண்டாம் கட்டப் படகுகளுக்கு மறுபடி போட்டி டெண்டர் விட முடிந்தது. ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும் அல்லவா?

● 2012-ல் பணியில் சேர்ந்த அந்த வரிசையின் முதல் படகுக்கு பெர்னார்ட் வெப்பர் பெயர். 1952 பிப்ரவரியில், கேப் காட் அருகே புயலில் இரண்டாக உடைந்த ‘பெண்டில்டன்’ எண்ணெய்க் கப்பலிலிருந்து 32 பேரைக் கரை சேர்த்தவர் அவர். கூட இருந்தவர்கள் மூவர்; ஏறிப் போனது வெறும் 36 அடிப் படகு. அந்த இரவில் அவர்கள் நம்பியது அதன் மரப்பலகைகளை. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுபவர் நினைவில் வைக்க வேண்டியதும் அந்த நம்பிக்கையைத்தான்.