ஓட்டோ கேட்கும் பிள்ளையும் பிணைக் கையெழுத்தும்

கற்பிட்டியில் என் ராத்தாவின் மகனுக்கு 19 வயது. சாரதி அனுமதிப்பத்திரம் எடுத்துவிட்டான். கண்டக்குழிக்குக் காற்றாடிச் சறுக்கலுக்கு வரும் வெளிநாட்டவரை நம்பி, லீசிங்கில் ஓட்டோ எடுக்க வேண்டும் என்கிறான். மச்சான் மறுத்துவிட்டார். 1990 ஒக்டோபரில் மன்னாரிலிருந்து வெளியேற்றப்பட்டபோது அவருடைய வாப்பா உழவு இயந்திரத்தை விட்டுவிட்டு வந்தவர். அதன்பின் அந்த வீட்டில் எவரும் கடனுக்கு வாகனம் வாங்கியதில்லை.

இப்படியான வீட்டில் "எல்லாரும் எடுக்கிறாங்க" என்ற பேச்சு எடுபடாது. மச்சானின் பயம் வெறும் பழைய நினைவும் இல்லை. லீசிங் முடியும்வரை பதிவுப் புத்தகத்தில் முழு உரிமையாளர் நிறுவனம்தான். தவணை தவறினால் வாகனத்தை எடுத்து விற்பார்கள். போதாத தொகைக்குப் பிணை வைத்தவரிடம் வருவார்கள். கையெழுத்துப் போடும் தகப்பனும் கடன்காரர்தான்.

விலையையும் பார்க்க வேண்டும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதும் பழைய வாகனங்களின் விலை ஏறியது. 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது. பழைய ஓட்டோவுக்கு அந்தத் தட்டுப்பாட்டுக் கால விலையை இன்னும் கேட்பவர்களிடம் அவசரப்படக் கூடாது.

கற்பிட்டியில் பெரிய காற்று மே முதல் ஒக்டோபர் வரை. காற்று ஓய்ந்தால் வாடகை குறையும், தவணை குறையாது. ஆகவே அவனிடம் நான் சொன்னது: முதலில் நாள் வாடகைக்கு ஓட்டோ எடுத்து ஓடு, வரவு செலவை எழுது, காற்றில்லாத மாதத்தையும் சேர்த்து வாப்பாவிடம் காட்டு.

இப்போது ஓடுகிறான். மச்சான் இன்னும் சம்மதிக்கவில்லை. ஆனால் போன கிழமை கொப்பியை வாங்கிப் பார்த்து, "டயருக்கு ஏன் எழுதல்ல?" என்று கேட்டாராம்.