திருவக்கரையில் படுத்திருக்கும் கல் மரங்கள்

பௌர்ணமி என்றால் திருவக்கரை வக்ரகாளியம்மன் கோயிலில் கூட்டம் நெரியும். ஜோதி தரிசனம் முடிந்ததும் பஸ், வேன், கார் எல்லாம் ஊரைப் பார்க்கத் திரும்பிவிடும். கோயிலுக்குப் பக்கத்திலேயே சாலையோரம் வேலி போட்ட ஓர் இடம் இருப்பதை எத்தனை பேர் கவனிக்கிறோம்? ‘ஏதோ சர்க்கார் இடம்’ என்று தாண்டிப் போய்விடுகிறோம். உள்ளே படுத்திருப்பவை சுமார் 2 கோடி வருஷத்து மரங்கள்!

விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கிறது ஊர். சென்னையிலிருந்து வருகிறவர்கள் திண்டிவனம், மயிலம் வழியாக வரலாம். மயிலத்தில் முருகனையும் பார்த்துக்கொள்ளலாம். புதுச்சேரியிலிருந்து சுமார் 30 கி.மீ.தான்.

உள்ளே போனதும் முதலில் ஏமாற்றமாகத்தான் இருக்கும். மரக்கடையில் அறுக்கப் போட்ட கட்டைகள் மாதிரி அங்கங்கே கிடக்கும். கிட்டே போய்க் கை வைத்தால்தான் தெரியும், சில்லென்று கல்! ஆனால் வளையங்கள், முடிச்சுகள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. சில கட்டைகள் 15 மீட்டர் நீளம்கூட உண்டு. புளிய மரக் குடும்பம், ஆமணக்குக் குடும்பம் என்று நமக்குத் தெரிந்த சொந்தக்காரர்கள்தாம்.

மரம் எப்படிக் கல்லாகும்? என் பையன் விடாமல் கேட்டான். அந்தக் காலத்துப் பெருவெள்ளத்தில் எங்கிருந்தோ அடித்து வரப்பட்ட மரங்கள் இவை. அதனால்தான் கிளை, வேர், பட்டை ஒன்றும் இல்லை. மணலுக்கடியில் புதைந்ததும், நிலத்தடி நீரில் கரைந்திருந்த சிலிக்கா கட்டைக்குள் மெல்ல மெல்ல இறங்கியிருக்கிறது. ஜாமூனுக்குள் ஜீரா இறங்குகிற மாதிரி என்று சொன்னேன். உடனே புரிந்துகொண்டான். ஒரே வித்தியாசம், இங்கே மரம் போய் அதன் இடத்தில் கல் உட்கார்ந்துவிட்டது. உருவம் மட்டும் மாறவில்லை.

சொன்னரா என்ற ஐரோப்பிய இயற்கை ஆராய்ச்சியாளர் 1781-லேயே இதைக் குறித்து வைத்தாராம். இன்று இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் பாதுகாப்பில் உள்ள தேசிய நினைவுச் சின்னம் இது.

ஆனால் நாம் பாதுகாக்கிறோமா? நாங்கள் போன அன்று ஒரு அம்மா உள்ளங்கை அகலச் சில்லு ஒன்றைக் கைக்குட்டையில் சுற்றினார். “கொலுவிலே பார்க் கட்ட எடுப்பா இருக்கும்” என்றார். “வேண்டாங்க, இங்கேருந்து எதுவும் எடுக்கக் கூடாது” என்றேன். “இவ்வளவு கிடக்கே, ஒண்ணு போனா என்ன?” காருக்கு ஒன்று என்று போனால் நம் பேரன் பேத்திகள் வரும்போது வேலிதானே மிஞ்சும்? சொன்னதும் சிரித்துக்கொண்டே கீழே வைத்துவிட்டார். நல்ல மனசு! கட்டைமேல் ஏறி நின்று போட்டோ எடுப்பதற்கும் இதே பேச்சுத்தான். குழந்தைகளிடம் நோட்டும் பென்சிலும் கொடுங்கள். என் பெண் வளையங்களைப் பார்த்துப் பார்த்து வரைந்து எடுத்து வந்தாள்.

பௌர்ணமிக் கூட்டத்தில் போக வேண்டாம். சாதாரண சனி, ஞாயிறில் காலை வெயில் ஏறுமுன் போய்விடுங்கள். கைக்குழந்தை இருந்தால் தொப்பி கட்டாயம் வேண்டும். புளியோதரையும் வடாமும் கட்டிக்கொண்டு போங்கள். பிறகு கோயிலுக்கு வந்தால், கொடிமரமும் நந்தியும் சந்நிதிக்கு நேராக இல்லாமல் விலகியிருப்பதைப் பிள்ளைகளையே கண்டுபிடிக்கச் சொல்லலாம்.