முறுக்கு மீறினால் நூல் அறும்

மார்ச் மாதம் பிறந்துவிட்டால் ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் வெயிலுடன் பரீட்சை உஷ்ணமும் ஏறத் தொடங்கும். தெருவில் எதிர்ப்படும் மாணாக்கனிடம், "தம்பி, சௌக்கியமா?" என்று கேட்பாரைக் காணோம், "எவ்வளவு மார்க் வரும்?" என்பதே எங்கும் கேள்வி.

இதற்குக் காரணம் இல்லாமலில்லை. நமது விருதுநகர் ஜில்லாவின் பெரும்பகுதி வானம் பார்த்த பூமி. படிப்பே எங்கள் நஞ்சை என்று ஜனங்கள் உறுதி கொண்டார்கள். பிளஸ் டூ தேர்ச்சியில் பல ஆண்டுகள் இந்த ஜில்லாவே தமிழ்நாட்டின் முதலிடத்தை வகித்தது. 2017-ம் ஆண்டில் தமிழ்நாடு முழுவதிலும் தேறியவர்கள் 100-க்கு 92.1, விருதுநகரில் 97.85. பெருமைக்குரிய விஷயந்தான். ஆயினும், 100 பேரில் 98 பேர் தேறுமிடத்தில் எஞ்சிய இருவர் கதி என்ன? அந்த இருவரில் நாமும் ஒருவராகிவிடுவோமோ என்னும் திகில் 98 பேரையுமல்லவா வாட்டுகிறது?

அதே 2017 மே மாதத்தில், மாநிலத்தில் முதலிடங்கள் பெற்றோரின் பெயர்களை வெளியிடும் வழக்கத்தை அரசாங்கம் கைவிட்டது. நல்ல காரியம். ஆனால் நம் வீட்டுக் கூடத்தில் அந்தப் பட்டியல் இன்னும் ரத்தாகவில்லை. அடுத்த வீட்டுப் பெண்ணின் மார்க்கும், சித்தப்பா மகனின் மார்க்கும் சாதத்தோடு சேர்த்துப் பரிமாறப்படுகின்றன.

1936-ல் ஸ்ரீ பி. ஏ. சி. ராமசாமி ராஜா மில் நிறுவிய ராஜபாளையத்தாருக்கு நூலின் குணத்தை யாரும் போதிக்க வேண்டியதில்லை. முறுக்கு ஏறாத பஞ்சு தொட்டால் பிரிந்துவிடும். முறுக்கு ஏற ஏற நூலின் பலம் கூடும். ஓர் அளவைக் கடந்தாலோ, அதே முறுக்கினால் நூல் சுருண்டு பலங்குன்றி அறும். மனத்தின் சுபாவமும் இதுவே. 1908-ல் யெர்க்ஸ், டாட்ஸன் என்னும் இரு அமெரிக்கர்கள் எலிகளை வைத்துச் சோதித்தார்கள். கடினமான பாடத்தை எலிகள் விரைவில் கற்றது, தண்டனை மிதமாயிருந்தபோதுதான். கடுமையானபோது அவை தடுமாறின.

ஆகவே பரீட்சைக் கவலையை அடியோடு ஒழிக்க முயல வேண்டாம். அளவில் நிறுத்தினால் போதும். அதற்குச் சில வழிகள் உண்டு.

கண் விழித்துப் படிப்பதைப் பெருமையாகக் கருதாதீர்கள். பகலில் கற்றதை மூளை நிலைநிறுத்திக் கொள்வது உறக்கத்திலேதான். ஒரே இரவில் பத்து முறை உருப்போடுவதைவிட, பல நாட்களில் பிரித்துப் படிப்பது மேல் என்பதை எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் 1885-லேயே காட்டிவிட்டார். தினம் மாலையில் அரைமணி நேரமாவது உலாவுங்கள். ஆண்டாள் கோயில் வீதியிருக்கிறது. மேற்கே மலைக்காற்றும் இருக்கிறது. இரண்டுக்கும் கட்டணமில்லை.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. கணிதமேதை ராமானுஜன் 1907-ல் எஃப். ஏ. பரீட்சையில் தவறினார். தவறுகிறவர்களெல்லாம் ராமானுஜன் ஆவார்கள் என்று நான் சொல்லவில்லை. பரீட்சை அளப்பது அன்று எழுதிய விடைகளையே, பிள்ளையை அன்று. தவறியவர்கள் அதே ஆண்டில் துணைத் தேர்வு எழுதலாம். இதைப் பரீட்சைக்கு முன்பே பிள்ளைகளின் காதில் போட்டு வையுங்கள். முடிவு வந்தபின் சொன்னால் ஆறுதலாகத்தான் ஒலிக்கும், நம்பிக்கையாக ஒலிக்காது.

உறக்கமும் உணவும் குன்றி, பேச்சும் நின்று, "நான் இருந்து என்ன பயன்?" என்று பிள்ளை ஒரு முறை சொன்னாலும் அதை விளையாட்டாகக் கொள்ளாதீர்கள். தனியே விடாதீர்கள், உடனே வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். 2022 அக்டோபரில் மத்திய அரசாங்கம் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். பரீட்சை அட்டவணை ஒட்டியிருக்கும் அதே சுவரில் இந்த எண்ணையும் இன்றே எழுதி வையுங்கள்.