சட்டை உரிக்கும் பாம்பும் அதன் ஆகாரமும்

கேரள மாநிலம் பாலக்காடு மாவட்டத்தின் சிற்றூர் வட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்துள்ளது முதலமடை. தமிழும் மலையாளமும் கலந்து வழங்கும் இவ்வூர் மாந்தோப்புகளுக்குப் பெயர் பெற்றது. 2010-ஆம் ஆண்டில் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட பரம்பிக்குளம் காடுகள் இதனை அடுத்துள்ளன. தோப்புகளில் சருகும் புதரும் உண்டு. உதிர்ந்த கனிகளை நாடி எலிகள் வருகின்றன. எலி உள்ள இடத்திற்குப் பாம்பு வருவது இயற்கையே. ஆகவே இப்பகுதியில் பணி புரியும் வனத்துறை, வேளாண்மைத் துறை ஊழியர்கள் பாம்பைக் காண நேர்வது அரிதன்று.

அவ்வாறு காணும் பாம்பின் கண்கள் சில வேளைகளில் பால் படர்ந்தாற்போல் வெளுத்திருக்கும். உடலின் நிறம் மங்கியிருக்கும்; இரையை வைத்தாலும் அது தீண்டாது. பாம்புக்குக் கண் போயிற்று என்பார் சிலர். நோயுற்றது என்பார் வேறு சிலர். இரக்கத்தால் பால் வார்ப்போரும், உயிருள்ள எலியைப் பிடித்து அருகில் விடுவோரும் உளர். உண்மையில் அப்பாம்பு சட்டை உரிக்கப் போகிறது. அதற்கு அப்போது வேண்டியது ஆகாரம் அன்று; தொந்தரவின்மையே.

தோல் மாறும் விதம்

பாம்பின் உடலை மூடியுள்ள மேல்தோலின் வெளி அடுக்கு உயிரற்ற கடினமான பொருளால் ஆனது. உடல் வளரும்போது அது உடன் வளர்வதில்லை. நாளடைவில் தேய்வும் அடைகிறது. ஆதலின் அதன் அடியில் புதிய அடுக்கு ஒன்று முழுமையாக உருவாகிறது. பழைய அடுக்கிற்கும் புதிய அடுக்கிற்கும் இடையே திரவம் ஊறி இரண்டையும் பிரிக்கிறது. இத்திரவமே உடலுக்கு மங்கிய தோற்றத்தைத் தருவது.

பாம்புக்கு இமை கிடையாது. கண்ணின் மேல் தெளிந்த செதில் ஒன்று கண்ணாடி போல் மூடியுள்ளது. அதுவும் தோலின் பகுதியே ஆகையால், சட்டையோடு சேர்ந்து அதுவும் மாறுகிறது. அதன் அடியில் திரவம் பரவும்போது கண் நீலம் கலந்த வெண்மையாகிறது, பார்வை மங்குகிறது. இந்நிலை சில நாட்கள் நீடித்தபின் கண்கள் மீண்டும் தெளிகின்றன. மேலும் சில நாட்கள் சென்றபின் பாம்பு தன் வாயோரத்தைக் கல்லிலோ மரப்பட்டையிலோ தேய்க்கிறது. உதட்டருகே பழைய தோல் விட்டுக்கொடுக்கிறது. பாம்பு முன்னேறிச் செல்லச் செல்ல, காலுறையைக் கழற்றுவது போல் சட்டை உட்புறம் வெளிப்புறமாகப் புரண்டு கழல்கிறது. இளம் பாம்புகள் விரைவாக வளர்வதால் அடிக்கடியும், வளர்ந்தவை அதனினும் குறைவாகவும் சட்டை உரிக்கின்றன.

ஆகாரத்தை எப்போது அளிப்பது?

இந்தியாவுக்கு உரிய பாம்புகளைப் பிடித்து வீட்டில் வளர்ப்பதை 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அனுமதிப்பதில்லை. சில அயல்நாட்டு இனங்களை வைத்திருப்போரும், 2022-ஆம் ஆண்டின் திருத்தத்திற்குப் பின், அவற்றைப் பதிவு செய்தல் அவசியம். எனினும் உயிர்க்காட்சிச் சாலைகளிலும், சென்னை கிண்டியில் உள்ளது போன்ற பாம்புப் பண்ணைகளிலும் பாம்புகள் முறைப்படி பராமரிக்கப்படுகின்றன. அங்கெல்லாம் ஆகாரம் அளிப்போர் கவனிக்கும் முதல் குறி பாம்பின் கண்ணே.

கண் வெளுத்துள்ள நாட்களில் பெரும்பாலான பாம்புகள் தாமாகவே உண்ண மறுக்கின்றன. சில பாம்புகள் அக்காலத்திலும் உண்பதுண்டு. ஆயினும் கண் வெளுத்த நாள் முதல் சட்டை கழலும் வரை ஆகாரத்தை நிறுத்தி வைப்பதே நலம். பார்வை மங்கிய பாம்பு இரையைச் சரியாகக் குறி வைக்க இயலாது. உயிருள்ள எலியைக் கூண்டில் விட்டால், பாம்பு எலியைக் கடிப்பதற்கு மாறாக எலி பாம்பைக் கடித்துப் புண்ணாக்கிவிடலாம். மேலும், தொந்தரவுக்கு ஆளான பாம்பு தான் விழுங்கியதைக் கக்கிவிடுவதும் உண்டு. கக்குதல் பாம்பின் உடலைப் பெரிதும் தளரச் செய்யும். உணவின்றி இருத்தலோ அவ்வளவு தீங்கு செய்வதில்லை. பாம்பு தன் உடலின் உஷ்ணத்தைத் தானே உண்டாக்கிக் கொள்வதில்லை. வெளி உஷ்ணத்தையே சார்ந்துள்ளது. ஆகையால் அதற்குத் தேவைப்படும் ஆகாரம் மிகக் குறைவு. ஆரோக்கியமான வளர்ந்த பாம்பு சில வாரங்கள் உண்ணாதிருந்தாலும் அஞ்ச வேண்டுவதில்லை.

ஆகாரம் இல்லாவிடினும் நீர் இன்றியமையாதது. உடல் படியும் அளவு அகன்ற தொட்டியில் சுத்தமான நீரும், உரசிக்கொள்ளச் சொரசொரப்பான கட்டை அல்லது கல்லும், ஒதுங்கியிருக்க ஈரப்பதமுள்ள மறைவிடமும் வேண்டும். காற்று மிக வறண்டிருந்தால் சட்டை முழுமையாகக் கழலாமல் துண்டு துண்டாக ஒட்டிக்கொள்ளும். அவற்றைக் கையால் பிய்த்தல் கூடாது. ஈரப்பதத்தை மிகுவித்தால் பெரும்பாலும் தாமே நெகிழும். கண்ணின் மேல் ஒட்டியுள்ள பழைய செதிலைக் கால்நடை மருத்துவரே நீக்க வேண்டும். சட்டை முழுதும் கழன்ற இரண்டொரு நாட்களில் பாம்புக்குப் பசி மிகும். அதன் உடலின் பருத்த பாகத்தை விடப் பருமன் மிகாத இரையை அப்போது அளிக்கலாம். பால் எக்காலத்திலும் பாம்பின் ஆகாரம் அன்று.

உண்ணாமை நோயின் குறியாகவும் இருக்கலாம். இரண்டையும் பிரித்தறிய ஒரு வழி உண்டு. இரு கண்களும் ஒருசேர வெளுத்து, உடலும் மங்கியிருந்தால் அது சட்டை உரிக்கும் காலம். ஒரு கண் மட்டும் வெளுத்திருத்தல், வாயைத் திறந்தே மூச்சு விடுதல், வாயில் நுரை, உடல் மெலிவு ஆகியவை காணப்பட்டால் மருத்துவரை நாட வேண்டும்.

களத்தில் கவனிக்க வேண்டியவை

இந்தியாவில் 2000 முதல் 2019 வரையுள்ள காலத்தில் ஆண்டுதோறும் சராசரியாக 58,000 பேர் பாம்புக் கடியால் இறந்தனர் என்று ஆய்வாளர் மதிப்பிட்டுள்ளனர். கண் மங்கிய பாம்பு எளிதில் மிரளும்; நெருங்குவது எதுவென்று தெளிவாகக் காண இயலாமையால் தற்காப்பாகச் சீறவும் கொத்தவும் கூடும். ஆகவே, கண் தெரியாத பாம்பு என்று எண்ணி அதனைக் கையாளுவது பெருந்தவறு. தோப்பில் அத்தகைய பாம்பு தென்பட்டால் ஆட்களை விலக்கி, அது தானே ஒதுங்க விட வேண்டும். வீட்டிற்குள் புகுந்திருந்தால் வனத்துறைக்குத் தெரிவித்தல் வேண்டும்; கேரளத்தில் வனத்துறையின் ‘சர்ப்பா’ என்னும் கைப்பேசிச் செயலி வழியாகப் பயிற்சி பெற்ற மீட்பாளரை அழைக்கலாம். கடி நேர்ந்தால் கட்டுப் போடுவதிலும் மந்திரிப்பதிலும் காலம் போக்காமல், விஷமுறிவு மருந்து உள்ள மருத்துவமனைக்கு உடனே செல்ல வேண்டும்.

பிடிக்கப்பட்ட பாம்பைப் பெட்டியில் வைத்திருக்கும் குறுகிய நேரத்தில் அதற்கு உணவு ஊட்ட முயலலாகாது. நல்லெண்ணத்தால் செய்யப்படும் அம்முயற்சி, பாம்புக்கும் ஊட்டுபவருக்கும் ஒருங்கே ஆபத்தாக முடியும்.

பள்ளியில் ஒரு பாடம்

கழற்றி விடப்பட்ட சட்டை ஆசிரியர்களுக்கு நல்ல பாடப்பொருள். பாம்பு அருகில் இல்லை என்று பெரியவர் உறுதி செய்தபின் அதனை நீண்ட குச்சியால் எடுத்து, நீரில் நனைத்து, அட்டையின் மேல் விரித்து உலர்த்தலாம். வயிற்றுப்புறச் செதில்கள் அகன்றும் முதுகுப்புறச் செதில்கள் சிறுத்தும் இருப்பதை மாணவர் காண்பர். தலைப் பகுதியில் கண்ணை மூடியிருந்த இரு தெளிந்த வட்டங்களைக் காட்டி, பாம்புக்கு இமை இல்லாமையை விளக்கலாம். முதுகின் நடுவரிசையில் பெரிய அறுகோணச் செதில்கள் இருப்பின் அது கட்டுவிரியனுடைய சட்டையாக இருக்கக்கூடும். சட்டை கழலும்போது நீண்டு விடுவதால், அதன் நீளம் பாம்பின் நீளத்தை விட மிகுதி என்பதையும் சொல்லுதல் வேண்டும்; இல்லையேல் சட்டையை அளந்து பாம்பின் அளவைப் பெரிதாக எண்ணிக் கிராமத்தார் வீணே அஞ்சுவர். கையாண்டபின் மாணவர் சோப்பால் கை கழுவுதல் அவசியம்.

கண் வெளுத்த பாம்பு குருடும் அன்று, நோயுற்றதும் அன்று என்னும் இவ்வொரு செய்தியை மாணவர் வீட்டிற்குக் கொண்டு செல்வாராயின், தோப்பில் பணி செய்யும் பெற்றோர் அத்தகைய பாம்பின் அருகே செல்லாமல் விலகி நிற்பர்.